பழைய காரின் ஸ்டீயரிங்: அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 1972-ஆம் வருடத்து மார்க் 2 அம்பாசடர். அப்பா வாங்கியது, இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு வலது தோளில் வலி வந்தது. சந்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். "பவர் ஸ்டீயரிங் போட்டுடலாம்பா" என்றேன். "வண்டியை வெட்டாம செய்ய முடியும்னா செய்" என்றார். அந்தப் பதிலோடு ஒன்றரை வருடம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். அதில் கற்றுக்கொண்டதையும், பத்மினி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பட்ட அனுபவத்தையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஸ்டீயரிங் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இலிருந்து வந்தது. அதில் இருப்பது ரேக் அண்ட் பினியன்: பல் வைத்த நீளக் கம்பி ஒன்று, அதைத் தள்ளும் சிறு பல்சக்கரம் ஒன்று. சென்னை வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் ரேக்தான். மிகச் சின்ன வட்டத்தில் திரும்பும் கார் என்று அதற்குப் பெயர். ஃபியட் 1100 வழியில் வந்த பிரீமியர் பத்மினியிலும் பழைய ஜீப்புகளிலும் இருப்பது ஸ்டீயரிங் பாக்ஸ்: ஒரு பெட்டிக்குள் வார்ம் என்ற திருகுப் பல்லும் அது நகர்த்தும் கையும். ரேக்குக்குச் சொல்லும் வைத்தியம் பாக்ஸுக்குச் சரிவராது. பட்டறையில் "பழைய வண்டி எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

2. கனம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்குக் காசு தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். சக்கரம் காற்றில் இருக்கும்போதும் ஸ்டீயரிங் இறுக்கமாக இருந்தால் கோளாறு உள்ளே எங்கோ இருக்கிறது. தூக்கிய பிறகு வெண்ணெயாகத் திரும்பினால் டயரையும் அலைன்மெண்ட்டையும் சந்தேகப்படுங்கள்.

இறுக்கமாகவே இருக்கிறதா? அடுத்த படி, டை ராட் (திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) எண்டுகளைச் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்மிலிருந்து கழற்றுவது. இப்போது இடது சக்கரத்தைத் தனியாகவும் வலது சக்கரத்தைத் தனியாகவும் கையால் திருப்பிப் பாருங்கள். ஒன்று சுலபமாகவும் மற்றொன்று முரண்டு பிடித்தும் திரும்பினால் முரண்டு பிடிக்கும் பக்கத்துக் கிங் பின்தான் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி) குற்றவாளி. இரண்டும் சுலபம் என்றால் ரேக் அல்லது பாக்ஸைப் பாருங்கள். அதையும் விட்டு ஸ்டீயரிங் தண்டை மட்டும் பிரித்தால் அது ஒரு விரலால் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் தண்டின் புஷ் காய்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு மெக்கானிக். இதைச் செய்யாமல் பணம் செலவழிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதற்குச் சமம்.

3. ப்ளேவை அளந்து எழுதிவையுங்கள். சக்கரங்கள் நேராக நிற்கட்டும். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் ஆட்டி, அது வெறுமனே ஆடும் தூரத்தை விளிம்பில் சாக்பீஸால் குறியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி, இந்த ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 16 அங்குல வீலில் அது விளிம்பில் ஏறக்குறைய 4 அங்குலம். என்னைக் கேட்டால் சட்டம் ரொம்பத் தாராளமாகவே இருக்கிறது. ரேக் வைத்த காரில் ஒரு அங்குலம் ஆடினாலே நான் வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்க மாட்டேன்.

4. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் முறை. பெரும்பாலான பழைய கார்களின் ஸ்டீயரிங் கனத்துக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய கார்களில் கிரீஸ் நிப்பிளே கிடையாது. அதனால் புதிய பட்டறைகளில் பலருக்கு அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. சர்வீஸுக்கு விட்ட வண்டி எண்ணெய் மாறி, கழுவித் துடைத்துத் திரும்பி வரும். கிங் பின் நிப்பிளின் மேல் பத்து வருட மண் அப்படியே இருக்கும். உங்கள் காரின் புத்தகத்தைப் பார்த்து முன்பக்கம் மொத்தம் எத்தனை நிப்பிள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை வையுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போது அடிக்கும் கிரீஸ் எடை தாங்கும் பரப்புக்குள் நுழையாது, ஏனென்றால் வண்டியின் பாரம் அந்த இடைவெளியை அழுத்தி மூடிவிடுகிறது. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். அடிக்கும்போது இன்னொருவர் ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருக்கட்டும். பழைய கறுத்த கிரீஸ் வெளியே பிதுங்கி, அதன் பின்னால் புதுக் கிரீஸ் நிறம் மாறி வரும் வரை நிறுத்தாதீர்கள். நிப்பிளில் கிரீஸ் ஏறவே இல்லையென்றால் வழி அடைத்திருக்கிறது. நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், மலிவான பொருள். அப்போதும் ஏறாவிட்டால் கிங் பின்னைக் கழற்றியே ஆக வேண்டும். எங்கள் காரின் இடது பக்கத்தில் அப்படித்தான் ஆனது. வெளியே எடுத்தபோது கிங் பின் முழுவதும் துரு. அப்பாவின் தோள் இத்தனை நாள் எதனோடு மல்லுக்கட்டியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

5. கிங் பின் செட் மாற்றினால் புஷ்ஷை ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவருகிற பட்டறையாகப் பாருங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிவிட்டு "ஓட ஓட லூஸாகிடும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய் தடவிய கிங் பின், புஷ்ஷுக்குள் கைவிரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

6. டை ராட் எண்டுகளின் ரப்பர் தொப்பியைப் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சின்னதாக ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்ட்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். தேய்ந்த ஜாயிண்ட் உள்ளங்கையில் "டொக்" என்று சொல்லும். பாக்ஸ் வகை வண்டிகளில் எதிர்ப்பக்கம் இருக்கும் ஐட்லர் ஆர்மையும் மறக்காதீர்கள். பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் பலருக்கு ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது. ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் ஜாயிண்ட் இன்று நன்றாக இருந்தாலும் அடுத்த மழைக்காலத்தைத் தாங்காது. மேலே சொன்ன அதே 98-ஆம் விதி, பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்று வராதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

7. ஸ்பிளிட் பின்னை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள். நிமிர்த்தி மறுபடி மடக்கிய கம்பி எப்போது வேண்டுமானாலும் உடையும். சில ரூபாய்ப் பொருளில்தான் உங்கள் சக்கரம் நிற்கிறது.

8. ஜாயிண்ட்டைக் கழற்றும்போது மரையின் தலையில் அடிக்காதீர்கள். அதற்கென்றே புல்லர் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே தட்டாகத் தட்டினால் கூம்பு விடுபடும்.

9. ரேக்கின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்திருக்கிறதா? அதன் வழியாக எண்ணெய் ஒழுகிப் போய் மண் உள்ளே குடியேறியிருக்கும். வெறும் ரப்பரை மாற்றினால் போதாது. ரேக்கைக் கழற்றிக் கழுவி, பற்களைப் பார்த்து, புத்தகத்தில் சொன்ன எண்ணெயை ஊற்ற வேண்டும். நடுப்பகுதிப் பற்கள் மட்டும் தேய்ந்திருப்பது இயல்பு, நேராக ஓடும் நேரம்தானே அதிகம். ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று ரேக்கின் அழுத்தத்தை ஷிம் எடுத்து இறுக்கிவிடுவார்கள். நடுவில் ஆட்டம் போகும், முழுத் திருப்பில் இறுகிக்கொள்ளும், வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் இதையே செய்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் வளைவைத் தாண்டியும் வண்டி திரும்பிக்கொண்டே இருந்தது, அப்பா பயந்துவிட்டார்.

10. பாக்ஸ் வகைக்கும் இதே எச்சரிக்கை. மேலே இருக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் ஆட்டம் குறைவது உண்மை. ஆனால் தேய்ந்த வார்மை நடுவில் சரிசெய்தால் ஓரங்களில் சிக்கும். சரிசெய்த பிறகு சக்கரத்தைத் தூக்கிவைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுற்றிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்றால் மட்டுமே ஓட்டுங்கள். இன்னொன்று: எண்ணெய் ஒழுகுகிறது என்பதற்காகப் பாக்ஸுக்குள் கிரீஸை அடைப்பது நம் ஊரில் சகஜம். பல் ஒரு முறை ஒதுக்கிவிட்ட கிரீஸ் மறுபடி திரும்பி வருவதில்லை, பல் காய்ந்தே ஓடும். ஆயில் சீலை மாற்றிவிட்டு கியர் எண்ணெய் ஊற்றுங்கள்.

11. டயர். அம்பாசடருக்கு அந்தக் காலத்தில் வந்தது 5.90-15 அளவுள்ள நைலான் வகை டயர். ரேடியலுக்கு மாறினால் வேகத்தில் பிடிப்பும் நேரோட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் நின்ற இடத்தில் திருப்பும்போது கனம் கூடும். அகலமான டயர் போட்டால் இன்னும் கூடும். அழகுக்காக அகல டயர் போட்டுவிட்டு, பிறகு அந்தக் கனத்துக்காகப் பவர் ஸ்டீயரிங் தேடி வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காரின் அளவை ஒட்டிய ஒல்லி டயரே போதும்.

ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் சாதா டயரும் போடவே கூடாது. இரண்டு ரேடியல் மட்டும்தான் வாங்க முடிகிறது என்றால் அவை பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரத்தில் செய்தது. பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை என்பதால் டயர் தேயாமலே வயதாகிக் காய்ந்துவிடும்.

12. காற்று. வாரம் ஒரு முறை, டயர் சூடேறும் முன் பாருங்கள். நாலைந்து பவுண்டு குறைந்தாலே கை உணரும்.

13. பெரிய ஸ்டீயரிங் வீலைக் கழற்றாதீர்கள். பழைய கார்களின் வீல் பெரிதாக இருப்பது பகட்டுக்காக அல்ல, நெம்புகோல் கணக்குக்காக. 16 அங்குல வீலை எடுத்துவிட்டு 14 அங்குல ஸ்போர்ட்ஸ் வீல் போட்டால் அதே திருப்பத்துக்கு ஏறக்குறைய 14 சதவீதம் அதிக பலம் வேண்டும். பவர் ஸ்டீயரிங் பொருத்தியிருந்தாலும் பழைய வீலையே வையுங்கள் என்பேன். என்றாவது அது வேலை செய்யாமல் போனால் அந்தப் பெரிய வட்டம்தான் கைகொடுக்கும்.

14. அலைன்மெண்ட்டை எல்லாப் பழுதுகளும் முடிந்த பிறகே பாருங்கள். ஆடும் ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு கணினி மேடையில் ஏற்றினால் அது காட்டும் அளவு அடுத்த குழிவரைதான் செல்லும். எங்கள் ஊர் அலைன்மெண்ட் கடைக் கணினியில் அம்பாசடரின் பெயரே இல்லை. அளவுகளைச் சர்வீஸ் புத்தகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரேடியல் போட்டிருந்தால் நைலான் டயருக்குச் சொன்ன டோ-இன் (முன்சக்கரங்கள் முன்புறம் சற்று உள்நோக்கி நிற்கும்) அளவு அதிகமாகவே இருக்கும். குறைந்த எல்லையில் வைத்துப் பாருங்கள். அளவெடுக்கும்போது வழக்கமாக ஓட்டுகிறவரின் எடை இருக்கையில் இருப்பது நல்லது.

15. இதுவரை சொன்னதைச் செய்தபின் ஒரு மாதம் ஓட்டுங்கள். அதுவரை பவர் ஸ்டீயரிங் வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் கதை இங்கேயே முடிந்தது. கிங் பின் செட், இரண்டு டை ராட் எண்ட், ரேக் பெல்லோஸ், நாலு டயர், அலைன்மெண்ட். மூன்றாம் நாள் அப்பா சந்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி, "இதுதான் நான் வாங்கின வண்டி" என்றார். அவர் கற்றுக்கொண்ட இன்னொரு வழக்கமும் உதவுகிறது: வண்டி முழுக்க நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருகுவதில்லை. சக்கரம் ஓர் அங்குலமாவது உருள ஆரம்பித்த பிறகே திருப்புகிறார். கைக்கும் ஜாயிண்ட்டுக்கும் டயருக்கும் அது சுகம்.

ஆனால் எல்லோருக்கும் இது போதாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கும், கனமான வண்டிக்கும், தினமும் நகர நெரிசலில் ஓட்டுகிறவர்களுக்கும் உண்மையான துணை வேண்டும். அவர்களுக்கு அடுத்த குறிப்புகள்.

16. பாக்ஸை எடுத்துவிட்டு வேறு காரின் ரேக்கைப் போடும் யோசனைக்கு நான் எதிரி. பத்மினிக்கும் ஜீப்புக்கும் இதைச் செய்துதருவதாகச் சொல்வார்கள். சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. சக்கரம் குழியில் ஏறி இறங்கும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வளைவில் போகிறது. டை ராடும் ஒரு வளைவில் போகிறது. இந்த இரண்டு வளைவும் ஒத்துப்போகும்படி ராடின் நீளத்தையும் உயரத்தையும் காரை வடிவமைத்தவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வேறு காரின் ரேக்கை ஏதோ ஓர் உயரத்தில் பற்றவைத்தால் அந்தக் கணக்கு உடைகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானே திரும்பும். தரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும், 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் அது முகத்தைக் காட்டும். அளந்து வரைந்து செய்யத் தெரிந்த பொறியாளர் கூட இருந்தால் ஒழிய வேண்டாம்.

17. ஹைட்ராலிக்கா, எலெக்ட்ரிக்கா? அமெரிக்காவின் கிரைஸ்லர் 1951-இல் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை. இஞ்சின் பெல்ட்டில் பம்பு, எண்ணெய்க் குழாய்கள், அதற்கேற்ற ரேக் அல்லது பாக்ஸ் என்று சாமான் அதிகம். இஸூஸூ இஞ்சினோடு வந்த பிற்கால அம்பாசடர்களில் பவர் ஸ்டீயரிங் கிடைத்தது. அந்த வண்டிக்கு அதே பாகங்களைத் தேடிப் பொருத்துவது நியாயமான வழி. பழைய இஞ்சினுக்குப் பம்பு வைக்கத் தாங்கி செய்து, புல்லியை நேர்கோட்டில் கொண்டுவருவது பெரிய வேலை.

எலெக்ட்ரிக் வகையை 1988-இல் ஜப்பானில் சுஸூகி செர்வோ என்ற குட்டிக் காரில் கொண்டுவந்தார்கள். ஸ்டீயரிங் தண்டிலேயே ஒரு மோட்டார். நீங்கள் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்த்து, அதற்கேற்பத் துணை செய்யும். ரேக்கையோ பாக்ஸையோ தொடவே வேண்டாம். டேஷ்போர்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். மனம் மாறினால் கழற்றிவிடலாம். பழைய காருக்கு எதையாவது பொருத்துவது என்றால் இந்த வகையையே பொருத்துங்கள். நம் ஊரில் பெரும்பாலும் மாருதி கார்களின் யூனிட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் பழைய கார்களுக்கென்றே தயாரித்து விற்கிறார்கள்.

18. முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். பழைய வண்டிகளில் இருப்பது டைனமோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வந்த லூகாஸ் சி40 டைனமோ உச்சத்தில் தருவது 22 ஆம்பியர். சின்னக் காரின் எலெக்ட்ரிக் யூனிட் கூட முழுத் திருப்பில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைவிட மோசம், இஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தருவதில்லை. வண்டியை நிறுத்தத் திருப்புவது அந்த மெது ஓட்டத்தில்தானே! பாட்டரி மட்டுமே பாரம் சுமந்து சீக்கிரம் படுத்துவிடும். அதனால் ஆல்டர்னேட்டர் மாற்றம் முதலில், பவர் ஸ்டீயரிங் பிறகு. பிளஸ் முனையை பாடியில் இணைத்த வண்டியா என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் அப்படி இருக்கும். பார்க்காமல் இணைத்தால் கன்ட்ரோல் யூனிட் அந்த நிமிடமே போய்விடும். யூனிட்டுக்கான தடித்த வயர் பாட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஐம்பது வருடத்துத் துணி சுற்றிய வயரில் இதை இணைத்தால் தீப்பிடிக்கும்.

19. பழைய யூனிட் வாங்கினால் மோட்டார், சென்சார், கன்ட்ரோல் யூனிட், வயரிங் எல்லாம் ஒரே காரிலிருந்து வந்ததாக இருக்கட்டும். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் விபத்தில் நசுங்கிய காரின் தண்டு வேண்டாம். சென்சார் நடுநிலை தவறியிருந்தால் கையை விட்டதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் ஓடும்.

கூடவே வேகத் தகவல் பிரச்சினையும் இருக்கிறது. புதிய கார்களில் வேகம் கூடக் கூடத் துணை குறையும். நம் பழைய காரில் வேகத்தைச் சொல்ல ஆளில்லை. சில யூனிட்டுகள் அப்போது ஒரே அளவில் துணை செய்துகொண்டே இருக்கும். சந்தில் சுகமாக இருக்கும் அந்த இலகு, நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது ஸ்டீயரிங்கைக் காகிதமாக்கிவிடும். சின்ன அசைவுக்கும் வண்டி பாதை மாறும். துணையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு கன்ட்ரோலர் பொருத்தச் சொல்லுங்கள், குறைந்த அளவிலேயே வைத்துப் பழகுங்கள். கைக்குச் சற்றுக் கனம் தெரியட்டும்.

20. ஸ்டீயரிங் தண்டில் வெல்டிங்கை அனுமதிக்காதீர்கள். இரண்டு காரின் தண்டுகளை வெட்டி நடுவில் பற்றவைப்பதுதான் மலிவான வழி, எங்கும் நடக்கிற வழி. என் நண்பரின் பத்மினிக்கும் முதலில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். ஓடும்போது உடையவில்லை, கடவுள் புண்ணியம். வேறு வேலைக்காகக் கழற்றியபோது பற்றிய இடத்தில் முடியளவு விரிசல் இருந்ததைக் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர் ஒருவர் காட்டினார். பிறகு இரு முனையிலும் சரியான ஸ்ப்ளைன் வெட்டிய புதுத் தண்டும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் போட்டார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் பிரேக் போனால் கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கையாவது இழுக்கலாம். தண்டு உடைந்தால் செய்வதற்கு எதுவுமே இல்லை.

இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போடும்போது நடுத் தண்டில் இருக்கும் இரு கவைகளும் ஒரே திசையில் நேராக நிற்க வேண்டும். மாறி நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீயரிங் ஓரிடத்தில் கனத்து ஓரிடத்தில் இளகும். மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டும் தகரத்தில் அல்ல, கனமான இரும்பில், பாடியின் உறுதியான இடத்தில் பிடித்திருக்க வேண்டும்.

21. கை கியர் வண்டியா? மார்க் 2 அம்பாசடரிலும் பத்மினியிலும் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டை ஒட்டியே இறங்குகிறது. மோட்டார் அங்கே இடத்தை அடைத்தால் கியர் மாற்றுவதே கஷ்டமாகும். வேலை ஆரம்பிக்கும் முன் அட்டையில் அதே அளவுக்கு ஒரு மாதிரி செய்து வைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவர் உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், முழங்கால் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

22. சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேஸிஸ், பாடி, இஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு 'விஏ' எழுத்து சேர்ந்த பதிவெண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். இந்தப் பதிவு வேண்டும் என்று நினைப்பவர்கள் எதையும் வெட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எந்த மாற்றமானாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

23. கழற்றிய பழைய பாகம் ஒன்றைக் கூடப் பட்டறையில் விட்டு வராதீர்கள். எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெயரெழுதிய சீட்டோடு பெட்டியில் வையுங்கள். அம்பாசடர் தயாரிப்பு மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போயின. கொல்கத்தா மல்லிக் பஜாரில் இன்று கிடைக்கும் ரேக் இன்னும் பத்து வருடத்தில் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

24. வேலை முடிந்து வந்ததும் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். காலி மைதானத்தில் எட்டு போட்டுப் பாருங்கள். முழுத் திருப்பில் டயர் எதிலும் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். பவர் யூனிட் பொருத்தியிருந்தால், வண்டி நிற்கும்போது அதன் ஃப்யூஸை எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டி, துணையில்லாமலும் கையால் திருப்ப முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் அந்த வேலை தவறு, திருப்பி அனுப்புங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, அந்த ரப்பர் தொப்பிகளையும் ஸ்பிளிட் பின்களையும் மட்டுமாவது ஒரு முறை பார்த்துவிடுங்கள்.